நின்றால் சுடும் குளிர்

சித்திரை மாதப் பிற்பகல். செங்கத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையைப் பிடித்துவிட்டால் காருக்குள் நல்ல குளிர். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். ஏறத்தாழ 35 கி.மீ. ஓடி ஊர் எல்லையைத் தொட்டால், அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த பேருந்துகளும் வேன்களும் வெளியிலேயே வரிசை கட்டி நிற்க, கார் அடியடியாக நகர்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏசித் துவாரத்திலிருந்து வெறும் காற்று வருகிறது. இன்னும் கொஞ்சம் போனால் கண்ணாடியை இறக்கிவிடலாமா என்று தோன்றுகிறது. நெரிசல் கலைந்து வண்டி ஓடத் தொடங்கியதும் பழையபடி குளிர்.

ஓடினால் குளிரும், நின்றால் சுடும். கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது இதைப் பார்த்திருப்பார்கள். “கேஸ் கம்மியா இருக்குதுண்ணே, ஏத்திட்டா சரியாப் பூடும்” என்பதுதான் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஏற்றுகிறோம், காசு கொடுக்கிறோம், அடுத்த பௌர்ணமிக்கு அதே கதை. கேஸ் குறைந்திருந்தால் ஓடும்போதும் அல்லவா குளிர் குறைந்திருக்க வேண்டும்? இந்த எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஏசியின் உள்விவகாரம் முழுவதும் புரிந்துவிடும்.

அள்ளிக் கொட்டும் வேலை

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. வெப்பம் போன இடத்தில் மிஞ்சுவதைத்தான் நாம் குளிர் என்கிறோம். வெப்பம் தானாக நகர்ந்தால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். நமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு. உள்ளே 25 டிகிரி, வெளியே 40 டிகிரி. உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போக வேண்டும். கிணற்றில் கிடக்கும் தண்ணீரை மேட்டு வாய்க்காலுக்கு ஏற்ற மோட்டார் தேவைப்படுவது போல, இதற்கும் ஒரு இறைப்பான் தேவை.

வெப்பத்தை எதில் அள்ளுவது? ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்த இடம் சில்லிடுகிறதே, அதிலேயே விடை இருக்கிறது. திரவம் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். அதை ஸ்பிரிட் நம் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இப்படித் திரவம் ஆவியாகும்போது வாங்கிக்கொண்டு, ஆவி மறுபடி திரவமாகும்போது திருப்பிக் கொடுக்கும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். காரில் இந்த வேலையைச் செய்வது ஆர்-134ஏ என்ற பொருள். மெக்கானிக் ‘கேஸ்’ என்பது இதைத்தான். நாம் குளிர்வாயு என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் ஊற்றினால் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்.

தோலில் தடவிய ஸ்பிரிட் பறந்தால் பறந்ததுதான். காரில் குளிர்வாயுவைப் பிடித்து, மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக்க வேண்டும். அதற்கு நான்கு உறுப்புகள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் குளிர்வாயு ஆவியாகி, உள்காற்றின் வெப்பத்தை வாங்குகிறது. என்ஜினின் பெல்ட் சுழற்றும் கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அமுக்குகிறது. அமுங்கிச் சூடான ஆவி, வண்டியின் மூக்கில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சருக்குள் போய், வெளிக்காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஊசித்துளை போன்ற ஒரு வால்வு வழியாகப் பீய்ச்சியடிக்கப்பட்டு, அழுத்தம் சட்டென்று குறைந்து, மறுபடி கூலிங் காயிலுக்கு வருகிறது. சுற்று முடிந்தது.

எவ்வளவு வெப்பம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சென்னை மெரினா கடற்கரை எதிரே ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பேர் சொல்லப்படும் கட்டடம், பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்டது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டியை இங்கேயே செய்யும் இயந்திரங்கள் வந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. ஆனால் பனிக்கட்டிக் காலத்தின் அளவுகோல் ஏசிக் கடையில் இன்னும் புழங்குகிறது. ‘ஒரு டன் ஏசி’ என்றால் இயந்திரத்தின் எடை இல்லை. 24 மணி நேரத்தில் ஒரு டன் (அமெரிக்கக் கணக்கில் 907 கிலோ) பனிக்கட்டி உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ, அவ்வளவை அப்புறப்படுத்தும் திறன். மணிக்கு 38 கிலோ பனிக்கட்டி. சிறிய கார் ஒன்றின் ஏசியே ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். இத்தனை வெப்பமும், கம்ப்ரசர் செலவழித்த சக்தியும் சேர்ந்து, கண்டன்சர் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

அழுத்தமானியில் தெரியும் வெப்பம்

ஏசி மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் நீலம், சிவப்பு என இரண்டு குழாய்களை மாட்டுவார். மறுமுனையில் இரண்டு கடிகாரங்கள். நீலம் கூலிங் காயில் பக்கத்து அழுத்தம், சிவப்பு கண்டன்சர் பக்கத்து அழுத்தம். அலகு, டயருக்குக் காற்று அடிக்குமிடத்தில் சொல்லும் அதே பிஎஸ்ஐ.

இந்தக் கடிகாரம் அழுத்தத்தைக் காட்டுகிறது என்று மட்டும் நினைத்தால் பாதி விஷயம் போய்விடும். திரவமும் அதன் ஆவியும் ஒரே குழாயில் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தைச் சொன்னால் வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். ஆர்-134ஏ-வுக்கு 28 பிஎஸ்ஐ என்றால் 0 டிகிரி. 56 என்றால் 15 டிகிரி. 114 என்றால் 35. 202 என்றால் 55. 328 என்றால் 75. இதில் மாற்றமே கிடையாது. அது பொருளின் பிறவிக் குணம். ஆக, டேஷ்போர்டைக் கழற்றாமலே கூலிங் காயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை நீலக் கடிகாரம் சொல்லிவிடும்.

இதிலிருந்தே ஒரு வேடிக்கையான விளைவு. என்ஜினை அணைத்து, வண்டி நிழலில் ஆறிய பிறகு மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணுக்கு வரும். 35 டிகிரி நாளில் அது 114-ஐ ஒட்டி நிற்கும். உள்ளே குளிர்வாயு முழுதாக இருந்தாலும் 114. பாதிதான் இருந்தாலும் 114. கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை முள் அசையாது. ‘பிரஷர் பாத்தேன், கேஸ் ஃபுல்லா இருக்கு’ என்று அணைத்த வண்டியை வைத்துச் சொன்னால் நம்ப வேண்டாம். எவ்வளவு இருக்கிறது என்பதைத் தராசுதான் சொல்லும்; அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

செங்கம் பட்டறையில் ஒரு வண்டி

நம் புதிர் வண்டியை இப்போது பட்டறையில் நிறுத்துவோம். வெளியே 40 டிகிரி. என்ஜின் ஐடிலில் ஓடுகிறது, ஏசி முழு வேகம், கதவுகள் திறந்திருக்கின்றன. சரியாக இருக்கும் வண்டியில் நீல முள் 30-லிருந்து 40-க்குள்ளும், சிவப்பு முள் 200-லிருந்து 250-க்குள்ளும் நிற்க வேண்டும். நம் வண்டியில் நீலம் 55, சிவப்பு 320.

எண்களை வெப்பமாக மாற்றிப் படியுங்கள். சிவப்பு 320 என்றால் கண்டன்சர் 75 டிகிரியைத் தொடப் போகிறது. வெளிக்காற்றைவிட 35 டிகிரி அதிகம். வெப்பம் வெளியேற முடியாமல் அங்கேயே தேங்குகிறது. நீலம் 55 என்றால் கூலிங் காயில் 15 டிகிரிக்கு அருகில். 15 டிகிரித் தகட்டை உரசி வரும் காற்று 20 டிகிரிக்கு மேல்தான் முகத்தில் படும். சித்திரை வெயிலில் அது குளிர் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, வாய்க்கால் அடைபட்டிருக்கிறது.

கேஸ் குறைந்த வண்டியாக இருந்தால் இரண்டு முள்ளுமே தாழ்ந்து கிடக்கும். கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அப்படிப்பட்ட வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் குளிர்வதும் உண்டு. ‘ஓடும்போது என்ஜின் வேகமாகச் சுற்றுவதால்தான் குளிர்கிறது’ என்ற பொதுக் கருத்து அங்கே மட்டும் பலிக்கும். நம் வண்டியில் மிதித்துப் பார்த்தால் சிவப்பு முள் இன்னும் மேலே போகிறது, குளிர் வருவதில்லை.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு வாளித் தண்ணீர், ஒரு மக் போதும். முன்பக்கக் கிரில் வழியே கண்டன்சர் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். சில விநாடிகளில் சிவப்பு இறங்கத் தொடங்கும்: 300, 260, 220. நீலமும் பின்னாலேயே இறங்கும். உள்ளே ஒருவரை உட்கார வைத்திருந்தால் ‘வருது, வருது’ என்று குரல் கொடுப்பார். தண்ணீரை நிறுத்தினால் முள் பழையபடி ஏறும். ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை. கண்டன்சரிலிருந்து வெப்பத்தை எடுத்ததுமே எல்லாம் சரியாகிவிட்டது. கேஸ் குற்றவாளி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சாலையில் புதிர் அவிழ்வதும் இங்கேதான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் நீளக் காற்று வண்டியின் மூக்கில் மோதுகிறது. அரைகுறையாக அடைபட்ட கண்டன்சரையும் அது ஊடுருவிவிடும். வண்டி நின்றால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்விசிறி ஒன்றுதான் கதி. விசிறி சுற்றாவிட்டாலோ, காற்றுக்கு வழியில்லாவிட்டாலோ வெப்பம் தேங்கும்.

விசிறியா, வழியா என்று கண்டுபிடிக்க ஏசியைப் போட்டுவிட்டு ஒரு செய்தித்தாள் துண்டைக் கிரில் மேல் வையுங்கள். காற்று உள்ளே இழுக்கப்பட்டால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விசிறி சத்தம் கேட்டும் தாள் கீழே விழுந்தால் அடைப்பு. விசிறியே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று எலக்ட்ரீஷியன் பக்கம் போக வேண்டும். இரண்டு வேகத்தில் சுற்றும் விசிறிகளில் ரெசிஸ்டர் கருகி ஒரு வேகம் மட்டும் செத்துப்போவதும் உண்டு. விசிறி சுற்றுகிறதே என்று நாமும் சும்மா விட்டுவிடுவோம்.

இப்படி வரும் வண்டியில் கேஸை ஏற்றினால் என்ன ஆகும்? கண்டன்சருக்குள் கூடுதல் திரவம் தேங்கி, ஆவி திரவமாக மாறுவதற்கு இருந்த கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் இன்னும் ஏறும். 400 பிஎஸ்ஐயைத் தாண்டும்போது பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். காசு கொடுத்து வியாதியை முற்ற வைப்பது என்பது இதுதான்.

சாலையில் காயும் கேழ்வரகு

நம் வண்டியில் தாள் கீழே விழுந்தது என்று வையுங்கள். கிரிலுக்கு முன்னால் குனிந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத்தான் தெரிகிறது. நான்கைந்து செத்த தும்பிகள், ஓரத்தில் ஒரு புளிய இலைக்கொத்து. அடைப்பு இங்கே இல்லை. மேல்மூடியைக் கழற்றி, கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள விரலளவு சந்தில் டார்ச் அடித்தால் தெரியும்: அடர்ந்த பழுப்புக் கம்பளம். கேழ்வரகு உமி, கொள்ளுச் சருகு, செம்மண் தூசி, எப்போதோ என்ஜினிலிருந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து ரேடியேட்டர் முகத்தில் படிந்திருக்கிறது.

செங்கம், ஊத்தங்கரைப் பக்கம் அறுவடைக் காலத்தில் ஓட்டியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. களத்துக்குப் பதிலாகத் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தை விட்டு மிதிக்கச் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். இருசக்கர வண்டி சறுக்கி விழும் ஆபத்து இதில் உண்டு. கார்க்காரருக்கோ, சக்கரத்தில் மிதிபட்டுப் பறக்கும் உமி கண்டன்சரின் இடுக்குகளில் புகுந்து, பின்னால் இருக்கும் ரேடியேட்டரில் போய்ச் சிக்கிக்கொள்ளும். தூற்றும் வேலையை முன்னால் போகும் லாரி செய்துகொடுத்துவிடுகிறது.

கழுவுவதில் ஒரே ஒரு விதி முக்கியம்: அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் உமி இன்னும் உள்ளே இறுகும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, தோட்டத்துக் குழாயின் வேகத்தில் தண்ணீர் விட வேண்டும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் ஷாம்பு கலந்து ஊறவிட்டு விடலாம். சந்துக்குள் கைபோகாத வண்டிகளில் கண்டன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, குழாய்களைத் தொடாமல் சற்று முன்னுக்குச் சாய்த்தால் வழி கிடைக்கும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். கண்டன்சரில் வரிசையாக இருக்கும் அலுமினிய இதழ்களின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. துப்பாக்கித் தண்ணீர் சாய்வாகப் பட்டால் அப்படியே படுத்துக்கொள்ளும். அழுக்கு அடைத்த வழியை நாமே தகட்டால் அடைத்தது போல் ஆகும். படுத்த இதழ்களை நிமிர்த்த அதற்கென்றே உள்ள சீப்பு கிடைக்கிறது. வேலைக்குப் பொறுமை வேண்டும்.

ஈரச் சுருளும் மலைப்பாதைப் பனியும்

இனி வண்டிக்குள் வருவோம். கூலிங் காயிலும் கண்டன்சரைப் போலவே இதழ் இதழான ஒன்றுதான். வித்தியாசம், இது எப்போதும் ஈரம். 35 டிகிரியில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருக்கும். 8 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றால் 8 கிராமைத்தான் சுமக்க முடியும். மீதி 12 கிராம் காயில் மேல் துளியாகி, ஒரு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. ஏசி போட்ட வண்டி சொட்டவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் முன்சீட்டுக்காரரின் கால்மிதிக்கு அடியில் ஊறும்.

ஈரம், இருட்டு, தூசி மூன்றும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வராமல் இருக்குமா? காலையில் ஏசியைப் போட்டதும் அடிக்கும் ஊறல் நாற்றம் அதனுடையது. வாசனைப் புட்டி தொங்கவிடுவது வீண்செலவு. வீடு சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஏசியை மட்டும் அணைத்து, புளோயரை ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் இருந்தால் பாதி நாற்றம் தலைகாட்டாது. ஏற்கெனவே பிடித்துவிட்டதை, சொட்டுக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, காயிலுக்கென்று விற்கும் நுரையை அடித்துக் கழுவலாம்.

தூசியைத் தடுக்க குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும். குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் ஃபில்டருக்கான காடி மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. திறந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட வண்டியில் செம்மண் தூசி நேரே ஈரக் காயிலில் படிந்து சேறாகிறது. பிறகு டேஷ்போர்டை இறக்கித்தான் கழுவ வேண்டியிருக்கும். செலவில் பெரிய செலவு அது.

ஜவ்வாது மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இன்னொரு புதிர் காத்திருக்கிறது. ஜமுனாமரத்தூர் போகும் வளைவுகளில், மழைக்காலத்தில், ஏசியை உச்சத்திலும் புளோயரைக் குறைவிலும் வைத்துக்கொண்டு போகிறார்கள். அரை மணி நேரத்தில் காற்று வருவதே நின்றுவிடுகிறது. புளோயர் உறுமுகிறது, துவாரத்தில் கை வைத்தால் ஒன்றுமில்லை. வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்து போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. இது குளிர் போதாத கோளாறு அல்ல, மிஞ்சிய கோளாறு. காயிலில் வழிய வேண்டிய துளிகள் அங்கேயே உறைந்து, இதழ்களுக்கிடையே பனிச்சுவர் எழுந்துவிட்டது. டீ குடித்த நேரத்தில் அது உருகிச் சொட்டிவிட்டது. காயில் பூஜ்ய டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும் சிறிய உணரி கெட்டிருக்கலாம். அதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள். காற்று குறைவாக வந்தால் காயில் வாங்க வேண்டிய வெப்பம் கிடைக்காமல் உறைநிலைக்குக் கீழே போய்விடும்.

அதே வளைவுகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சில விநாடி குளிர் குறைந்தால் அது கோளாறே அல்ல. பல வண்டிகளில், ஏற்றத்தில் திணறும் என்ஜினுக்கு உதவ கம்ப்ரசர் தானே விலகிக்கொள்ளும். 1939-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலாக ஏசி பொருத்திய கார்களை அறிவித்தபோது இந்த வசதி கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்.

கேஸ் எங்கே போகிறது

குளிர்வாயு எரிபொருள் அல்ல, ஓட ஓடத் தீர்ந்துபோக. உள்ளே சுற்றியது உள்ளேயே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் கம்ப்ரசர் அச்சின் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது இயல்பு. ஒரே கோடையில் தீர்ந்தால் ஓட்டை. குளிர்வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால் கசியும் இடத்தில் எண்ணெய் பூத்து, அதில் தூசி அப்பிக் கறுத்திருக்கும். குழாய் இணைப்புகளில் இந்தக் கறையைத் தேடுவதுதான் முதல் வேலை. பிறகு நைட்ரஜனை அடைத்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். மாதக்கணக்கில் ஏசியே போடாத வண்டியில் சீல் எண்ணெய் காணாமல் காய்ந்து கசியும். மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுவது நல்லது.

ஓட்டையை அடைத்ததும் ‘வாக்குவம்’ போடுவார்கள். இது வெறும் சடங்கு என்று நினைத்துச் சில பட்டறைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவதுதான் இதன் நோக்கம். 35 டிகிரியில் தண்ணீர் கொதிக்காது என்போம். காற்றழுத்தத்தைப் பதினெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்த 35 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பம்ப் அரை மணி நேரமாவது ஓடினால்தான் குழாயில் ஒட்டிய ஈரம் இப்படிக் கொதித்து வெளியேறும். மிச்சம் விட்ட ஈரம் வால்வின் துளையில் பனியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும்.

கடைசியில் தராசு. பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள்; சிறிய காரில் அது 400 கிராமை ஒட்டி இருக்கும். 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடும். பழைய குளிர்வாயுவைத் திறந்துவிட்டுப் ‘புஸ்’ என்று வெளியேற்றுவது இங்கே சர்வசாதாரணம். பழைய ஆர்-12 ஓசோனைத் தின்றது; அந்த ஆபத்தை 1974-இல் வேதியியலாளர்கள் ரோலண்டும் மொலினாவும் சுட்டிக்காட்ட, 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதை ஒதுக்கியது. ஆர்-134ஏ ஓசோனைத் தின்னாது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடைப் போல் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 400 கிராமைக் காற்றில் விடுவது ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். அதனால்தான் பல நாடுகளில் புதிய கார்களுக்கு ஆர்-1234ஒய்எஃப் வந்துவிட்டது. நல்ல பட்டறையில் பழையதை இயந்திரத்தில் உறிஞ்சி, எடைபோட்டு, சுத்தம் செய்து, குறைந்ததை மட்டும் சேர்த்து ஏற்றுவார்கள். பில் போடும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை கிராம் வெளியே எடுத்தீர்கள், எத்தனை கிராம் உள்ளே போட்டீர்கள். முதல் எண் ஸ்டிக்கரில் இருப்பதை ஒட்டி வந்தால், வண்டியை எடுக்கும் முன் டார்ச்சை வாங்கிக் கண்டன்சருக்குப் பின்னால் அடித்துப் பாருங்கள்.